டிஆர்சி பூஜ்ஜியம் காட்டிய நாளில் நான் கேட்காமல் விட்ட கேள்வி

டேப்அவுட்டுக்கு, அதாவது முடித்த சிப் வரைபடத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் நாளுக்கு, நான்கு நாள் இருந்தது. வரைந்த வடிவங்கள் தொழிற்சாலையின் விதிகளுக்கு (டிசைன் ரூல்) உட்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் டிஆர்சி சோதனையை முழு சிப்புக்கும் ஓட்டி முடித்திருந்தேன். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் மொத்தப் பிழைகள் 0 என்று வந்திருந்தது. மூன்று வாரமாக அந்த எண்ணைக் குறைப்பதுதான் என் முழுநேர வேலை. குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு எழுந்தேன்.

எங்கள் குழுவின் மூத்த லேஅவுட் பொறியாளர் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். நான் பார்த்தது ரிப்போர்ட்டின் கடைசி வரியை. அவர் முதல் வரியிலிருந்து படித்தார். "வழக்கமா இது எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டார். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்றேன். அன்று இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்திருந்தது. வேகமான சர்வர் கிடைத்திருக்கும் என்று நினைத்து அதைக் கடந்து போயிருந்தேன்.

"மெமரியைத் திறந்து காட்டுங்க."

திறந்தேன். வெளிக்கோடு இருந்தது, ஓரத்தில் பின்கள் இருந்தன. உள்ளே ஒரு வடிவமும் இல்லை.

அந்த வாரம் மெமரியின் புதிய பதிப்பு வந்திருந்தது. அதன் வடிவங்கள் இருக்கும் ஜிடிஎஸ் கோப்பின் பெயர் லேசாக மாறியிருந்தது. எல்லாக் கோப்புகளையும் ஒன்றுசேர்க்கும் ஸ்கிரிப்ட், பழைய பெயரைத் தேடி, கிடைக்காமல், ஒரு எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு மேலே போய்விட்டது. லாக் கோப்பில் அப்படி நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் இருந்ததால் இது கண்ணில் படவில்லை. லேஅவுட்டும் சர்க்யூட்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் எல்விஎஸ் ஏன் பிடிக்கவில்லை? மெமரியை நாங்கள் உள்ளே பார்க்காத பிளாக் பாக்ஸாக வைத்து ஓட்டினோம். அதற்குப் பின்கள் சரியாக இருந்தால் போதும். ஒவ்வொரு இடத்திலும் மெட்டல் எவ்வளவு என்று அளக்கும் அடர்த்திச் சோதனை பிடித்திருக்கும். காலி இடங்களை நிரப்பும் மெட்டல் துண்டுகளை (ஃபில்) இன்னும் போடவில்லை என்பதால் அதை அணைத்து வைத்திருந்தோம். ஆக, சிப்பின் கால்வாசிப் பரப்பு வெற்றிடமாக இருக்க, மூன்று சோதனைகளும் தத்தம் கணக்கில் சரியாகவே நடந்துகொண்டன.

சரியான கோப்பைச் சேர்த்து மறுபடி ஓட்டியபோது மெமரிகளின் ஓரங்களில் பிழைகள் வரிசையாக வந்தன. பெரும்பாலானவை என்-வெல் (சில டிரான்சிஸ்டர்கள் உட்காரும் சிலிக்கான் பகுதி) இடைவெளிப் பிழைகள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். செல்களை இடத்தில் வைத்துக் கம்பிகளால் இணைக்கும் பிளேஸ் அண்ட் ரூட் கருவிக்கு மெமரியின் முழு உருவம் தெரியாது. அதற்குக் கிடைப்பது லெஃப் என்ற சுருக்க வடிவம்: அளவு, பின்கள், எந்த மெட்டல் எங்கே அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான். வெல், டிஃப்யூஷன் போன்ற அடி லேயர்கள் பொதுவாக அதில் வருவதில்லை. புதிய பதிப்பில் மெமரியின் என்-வெல் விளிம்புக்கு இன்னும் அருகில் வந்திருந்தது. அதே வாரம் இடம் போதவில்லை என்று நாங்களும் ஸ்டாண்டர்ட் செல் (தயாராக வரும் சிறு லாஜிக் துண்டுகள்) வரிசைகளை மெமரிக்கு நெருக்கமாக நகர்த்தியிருந்தோம். கருவியின் பார்வையில் எல்லாம் ஒழுங்கு. வேஃபரில் அது தவறு. மெமரியைச் சுற்றி செல்கள் வராமல் விடும் ஹேலோவை அகலப்படுத்தி, செல்களைத் தள்ளி, டைமிங்கை மறுபடி சரிசெய்து முடிக்க அந்த நான்கு நாளும் போதவில்லை. தேதி ஒரு வாரம் தள்ளிப்போனது.

அன்றிலிருந்து பிழை எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது வேறு. கருவி எந்தக் கோப்பைப் படித்தது, ஒவ்வொரு லேயரிலும் எத்தனை வடிவங்களைக் கண்டது, எந்த விதிகளை உண்மையில் ஓட்டியது. இவை மூன்றும் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். வடிவ எண்ணிக்கை 0 என்று ஒரு லேயர் இருந்தால், அந்த லேயரின் எல்லா விதிகளும் பிழையின்றித் தேறிவிடும். கோப்பில் உள்ள எண்களை லேயர்களோடு இணைக்கும் லேயர் மேப்பில் ஒரு டேட்டாடைப் எண் மாறிப்போனாலும் இதே கதைதான். போன ரன்னோடு ஒப்பிட்டு, நேரமோ வடிவ எண்ணிக்கையோ காரணமில்லாமல் மாறியிருந்தால் நான் பிழைப் பட்டியலைத் திறப்பதே இல்லை. முதலில் காரணத்தைத் தேடுகிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் டிசைன் ரூல் என்பதை ஒரு எண் பட்டியலாகவே முதலில் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எனக்கு வேலை இலகுவானது, ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான். எங்கள் புராஜெக்ட்டுகளின் எண்கள் ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. அதனால் 2020-இல் கூகுளும் சிப் தொழிற்சாலையான ஸ்கைவாட்டரும் சேர்ந்து திறந்த மூலமாக வெளியிட்ட 130 நானோமீட்டர் விதிகளை வைத்துச் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம்.

அதில் முதல் மெட்டலின் குறைந்தபட்ச அகலம் 0.14 மைக்ரான், குறைந்தபட்ச இடைவெளியும் 0.14 மைக்ரான். கோடு இதைவிட மெலிந்தால் அறுந்துபோகலாம். இடைவெளி குறைந்தால் இரண்டு கோடுகள் ஒட்டிக்கொள்ளலாம். இதுவரை எளிது. ஆனால் பக்கத்தில் 3 மைக்ரானுக்கு மேல் அகலமான மெட்டல் இருந்தால் இடைவெளி 0.28 ஆக இருக்க வேண்டும். பவர் கோடுகளின் ஓரத்தில் திடீரென்று பிழைகள் கொத்தாக வருவது பெரும்பாலும் இதனால்தான். அப்புறம் குறைந்தபட்சப் பரப்பு, 0.083 சதுர மைக்ரான். 0.14 அகலத்தில் ஒரு சின்னத் துண்டு வரைந்தால் அது கிட்டத்தட்ட 0.6 மைக்ரான் நீளமாவது இருக்க வேண்டும் என்று அர்த்தம். மெட்டல் அடுக்குகளை இணைக்கும் வயாக்களை அடுக்கிக்கொண்டு மேலே போகும்போது இடையில் வரும் சிறு மெட்டல் துண்டுகள் இங்கேதான் மாட்டும்.

என்-வெல்லுக்கு வந்தால் இடைவெளி 1.27 மைக்ரான். மெட்டலைவிட ஒன்பது மடங்கு. வெல் என்பது மேலே வரைந்த கோடு கிடையாது; சிலிக்கானுக்குள் ஆழமாகச் செலுத்தப்பட்டு, வெப்பத்தில் பக்கவாட்டிலும் பரவும் ஒரு பகுதி. இரண்டு வெல்கள் நெருங்கினால் அவற்றுக்கிடையே கசிவு வரும். இதைத் தெரிந்து வைத்திருந்தால், மெமரி ஓரத்தில் வெல் பிழை வரும்போது அதை ஒரு கிரிட் (வரைவதற்கான மிகச் சிறிய படி) நகர்த்தித் தீர்த்துவிடலாம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

மேல் மெட்டல்கள் தடிமனானவை, அவற்றின் எண்களும் பெரியவை. அதே ஸ்கைவாட்டர் விதிகளில் ஐந்தாம் மெட்டலின் அகலம் குறைந்தது 1.6 மைக்ரான். ஒரு காலத்தில் கார்வர் மீடும் லின் கான்வேயும் எல்லா விதிகளையும் லாம்டா என்ற ஒரே அளவின் மடங்குகளாகச் சுருக்கிச் சொன்னார்கள். மாணவர்கள் ஒரு சிப்பை முழுதாக வரைந்து பார்க்க அதுவே வழி திறந்துவிட்டது, அந்த யோசனை மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை. ஆனால் இன்று ஒவ்வொரு லேயரும் தன் போக்கில் நடக்கிறது. 193 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் கொண்டு அதைவிடப் பல மடங்கு சிறிய கோடுகளை அச்சிடும்போது, ஒரு கோட்டின் வடிவம் அதன் அண்டை வீட்டாரைப் பொறுத்தே அமைகிறது. விதிப் புத்தகம் தடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

இனி, முதல் ரன் முடிந்து ஆயிரக்கணக்கில் பிழைகள் கொட்டும் நேரம். என் முதல் பிளாக்கில் நான் பட்டியலின் முதல் பிழையிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்யத் தொடங்கினேன். மாலைவரை உட்கார்ந்து அறுபதுக்கு மேல் முடித்தேன். மறு ரன்னில் எண்ணிக்கை துளியும் குறையவில்லை. சரியாக 1000 என்றே நின்றது. காலிபர் போன்ற டிஆர்சி கருவிகள் ஒரு விதிக்கு இத்தனை பிழைகள்தான் எழுதுவது என்று ஒரு உச்சவரம்பு வைத்திருக்கும். மாற்றாவிட்டால் அது 1000. உண்மையில் அந்த விதியில் எத்தனை ஆயிரம் பிழைகள் இருந்தன என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வட்ட எண் வந்தால் அது எண்ணிக்கை இல்லை, வரம்பு.

அத்தனைக்கும் மூலம் ஒன்றுதான். கையால் வரைந்த ஒரு பிளாக்கை 5 நானோமீட்டர் கிரிட்டில் உட்காராமல் நகர்த்தி வைத்திருந்தேன். அதற்குள் இருந்த ஒவ்வொரு வடிவமும் கிரிட்டுக்கு வெளியே போய்விட்டது. ஒரு செல்லை இரண்டு நானோமீட்டர் நகர்த்தினேன், எல்லாம் மறைந்தன. அப்போதிருந்து பட்டியலை முதலில் விதிவாரியாகப் பிரிப்பேன், பிறகு எந்த செல்லுக்குள் பிழை இருக்கிறது என்று பார்ப்பேன். ஒரு செல் பத்தாயிரம் இடங்களில் வைக்கப்பட்டிருந்தால் அதற்குள் இருக்கும் ஒரு பிழை பத்தாயிரமாகத் தெரியும். திருத்துவது கீழிருந்து மேலே: வெல், டிஃப்யூஷன், பாலி, காண்டாக்ட், அதன் பிறகு மெட்டல்கள். அடி லேயர் நகர்ந்தால் அதன் மேல் இருப்பதெல்லாம் நகரும். மெட்டலை முதலில் செதுக்கி வைத்தால் அந்த உழைப்பு வீண்.

இன்னொரு தவறு, இதைவிட ஆபத்தானது. இரண்டு மெட்டல் துண்டுகளுக்கு இடையே இடைவெளி குறைவு என்று பிழை வந்தது. ஒரே கம்பியின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே இப்படி வந்தால் இடைவெளியை மெட்டலால் நிரப்பிவிடலாம், பிழை போய்விடும். வரிசையாக அப்படிப் பத்திருபது நிரப்பிக்கொண்டு போனதில், ஒரு இடத்தில் அவை வேறு வேறு நெட்டுகள் (தனித்தனி மின் இணைப்புகள்) என்பதைக் கவனிக்கவில்லை. டிஆர்சியில் பிழை போய்விட்டது. டிஆர்சிக்கு வடிவம் மட்டும்தான் தெரியும். இரண்டு சிக்னல்கள் ஷார்ட் ஆனது அதற்குப் பொருட்டில்லை. அடுத்த நாள் எல்விஎஸ் ஓட்டியவர் ரீசெட் சிக்னல் கிரவுண்டோடு சேர்ந்திருப்பதைக் கண்டு என்னிடம் வந்தார். டிஆர்சி முழுதும் சுத்தமாகட்டும், பிறகு எல்விஎஸ் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இரண்டையும் ஒவ்வொரு நாளும் ஜோடியாக ஓட்டுங்கள். நிரப்பும் முன் நெட் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

ஆன்டெனா விதி எனக்கு மிகவும் பிடித்தது. முடிந்த லேஅவுட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் இந்தத் தவறு தெரியாது என்பதால்தான். சிப் ஒரே நாளில் பிறப்பதில்லை. முதல் மெட்டல், இரண்டாம் மெட்டல் என்று அடுக்கடுக்காக வளர்கிறது. பிளாஸ்மாவில் மெட்டலை அரிக்கும்போது நீளமான கம்பி மின்னூட்டத்தைச் சேகரிக்கும். கம்பியின் மறுமுனையில் அதை இயக்கும் டிரைவரின் டிஃப்யூஷன் இணைந்திருந்தால் மின்னூட்டம் அந்த வழியாக வடிந்துவிடும். ஆனால் அந்த இணைப்பு நான்காம் மெட்டல் வழியாகப் போகிறது, நாம் இருப்பது இரண்டாம் மெட்டலில் என்றால், அந்த நேரத்தில் இணைப்பே இல்லை. கம்பிக்குத் தெரிந்த ஒரே வழி, டிரான்சிஸ்டரின் கேட்டுக்கு அடியில் உள்ள மெல்லிய கேட் ஆக்ஸைடு. அது சேதமாகும்.

தீர்வு, கம்பியைக் கேட்டுக்குப் பக்கத்தில் வெட்டி மேல் மெட்டலுக்கு ஏற்றி இறக்குவது. நான் முதல்முறை செய்தபோது டிரைவர் பக்கத்தில் வெட்டினேன், அங்கே இடம் தாராளமாக இருந்தது. பிழை அப்படியே நின்றது. யோசித்தால் புரிகிறது: நீண்ட கம்பி இன்னும் கேட்டோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேட் பக்கத்தில் இடமே இல்லாவிட்டால் ஆன்டெனா டையோடு ஒன்றை வைக்கலாம். அது கொஞ்சம் கசிவையும் கெபாசிட்டன்ஸையும் கூட்டும், அதனால் வேகம் முக்கியமான இடங்களில் நான் அதைக் கடைசி வழியாகவே எடுக்கிறேன்.

ஃபில் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு மெட்டல் அடுக்கும் போட்டபின் வேஃபரைத் தேய்த்துச் சமப்படுத்துகிறார்கள். மெட்டல் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறினால் தேய்மானமும் மாறும், பரப்பு மேடுபள்ளமாகும். அதனால் குறிப்பிட்ட அளவுச் சதுரங்களாகச் சிப்பைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அடர்த்தி இன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். காலி இடங்களில் எதோடும் இணையாத மெட்டல் துண்டுகளைக் கருவி தூவிவிடும். டிஜிட்டல் பகுதியில் பெரிய கவலையில்லை. அனலாக் பகுதியில் ஒன்றுபோல இருக்க வேண்டிய இரண்டு டிரான்சிஸ்டர்களில் ஒன்றின் மேல் மட்டும் ஃபில் விழுந்தால் அவற்றின் சமநிலை போய்விடும். அங்கே தானியங்கி ஃபில்லைத் தடுத்து, இருபுறமும் ஒரே மாதிரி கையால் போட வேண்டும். அனலாக் நண்பர்களிடம் இதை முதல் வாரமே கேட்டுவிடுங்கள். ஃபில் போட்ட பிறகு டிஆர்சியை முழுதாக மறுபடி ஓட்ட வேண்டும், டைமிங்கையும் பார்க்க வேண்டும். நாங்கள் ஃபில்லைக் கடைசி வாரத்துக்குத் தள்ளியதால்தான் அடர்த்திச் சோதனை அணைந்து கிடந்தது. அது ஓடியிருந்தால் வெற்று மெமரி அப்போதே காட்டிக்கொடுக்கப்பட்டிருக்கும்.

வெய்வர் என்பது, இந்த இடத்தில் இந்த விதியை மீறலாம் என்று ஃபவுண்டரி (சிப்பைச் செய்யும் தொழிற்சாலை) எழுத்தில் தரும் ஒப்புதல். எழுத்தில் இல்லாத ஒப்புதலை நான் ஒப்புதலாகக் கணக்கில் எடுப்பதில்லை. போன சிப்பில் இதே பிழையை விட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்பது ஒப்புதல் ஆகாது. இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது குறியீட்டு லேயர்கள். மெமரி செல்களை மற்ற இடங்களைவிட நெருக்கமாக வரைய ஃபவுண்டரி அனுமதிக்கிறது, அந்தப் பகுதியை ஒரு தனி லேயரால் குறிக்கச் சொல்கிறது. ஸ்கைவாட்டரிலும் அப்படி ஒன்று உண்டு. அந்த லேயர் தவறுதலாக நம் லாஜிக்கின் மேல் பரவியிருந்தால், அடியில் இருக்கும் நிஜப் பிழைகளைக் கருவி தளர்ந்த விதியால் அளந்து விட்டுவிடும். அந்த லேயரை மட்டும் தனியாக எரியவிட்டு முழு சிப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு: மேஜிக், கேலேஅவுட் என்ற லேஅவுட் கருவிகள் இரண்டும் இலவசம். மேஜிக் பெர்க்லியில் ஜான் ஓஸ்டர்ஹவுட்டின் குழு 1980-களில் எழுதியது. வரையும்போதே பிழையைத் திரையில் காட்டிவிடும். ஒரு இன்வெர்ட்டரை வரைந்து, வேண்டுமென்றே ஒவ்வொரு விதியாக உடைத்துப் பாருங்கள். எனக்கு விதிகள் மனத்தில் தங்கியது அப்படித்தான். ஒரு கருவி சரி சொன்னதை மற்றது தவறு என்று சொல்லும். அப்போது விதி வாசகத்தைத் திறந்து இரண்டில் எது அதைச் சரியாகப் படித்திருக்கிறது என்று தேட வேண்டிவரும். அந்தத் தேடலுக்கு இணையான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

வேண்டுமென்றே உடைத்துப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை வேலையிலும் கொண்டுவந்தேன். மெமரி சம்பவத்துக்குப் பின் ஒரு சிறிய செல் செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு லேயரிலும் ஒரு அகலப் பிழை, ஒரு இடைவெளிப் பிழை, ஒவ்வொரு வயாவிலும் ஒரு என்க்ளோஷர் பிழை (வயாவைச் சுற்றி மெட்டல் போதாதது). கடைசிக் கட்டத்தில் சிப்பின் ஒரு பிரதியில் அதைக் காலியான மூலையில் வைத்து ஓட்டுவேன். நான் வைத்த அத்தனையும் பட்டியலில் வர வேண்டும்.

போன டேப்அவுட்டில் மேல் இரண்டு லேயர்களின் பிழைகள் வரவில்லை. கருவிக்கான விதிகள் எழுதியிருக்கும் ரூல் டெக்கைத் திறந்து பார்த்தால், எத்தனை மெட்டல் அடுக்கு என்று குறிப்பிடும் இடத்தில் முந்தைய புராஜெக்ட்டின் தேர்வு அப்படியே கிடந்தது. எங்கள் சிப்பில் இருந்த கடைசி மெட்டலையும் அதன் வயாவையும் டெக் சீண்டவே இல்லை. ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினோம். நான் வைத்த பிழைகள் எல்லாம் வந்தன. கூடவே பேட் ஓரத்தில் நான் வைக்காத இரண்டும் வந்தன. அந்த இரண்டையும் அசல் கோப்பில் திருத்தி, எல்விஎஸ்ஸை மறுபடி ஓட்டி, முந்தைய பதிப்போடு எக்ஸார் (வேறுபாடுகளை மட்டும் காட்டும் ஒப்பீடு) போட்டு, அந்த இரண்டு இடங்களைத் தவிர வேறெதுவும் மாறவில்லை என்று பார்த்தோம். சோதனைச் செல் அதில் இல்லை என்பதையும் பெயர் போட்டுத் தேடி உறுதிசெய்துகொண்ட பிறகு, கோப்பின் கைரேகை போன்ற எண்ணான செக்சம்மைக் குறித்துவைத்துக்கொண்டு அனுப்பினோம்.